மதிலில்லாத பழைய நகரம்: காயல்பட்டினத்தை எடைபோடும்போது

மத்தியதரைக் கடலோரத்துப் பழைய நகரங்களுக்கு ஒரு சாயல் உண்டு. கடலைப் பார்த்த வாசல், சுற்றி மதில், உள்ளே உயர்ந்த சுவர்களுக்கு நடுவே வளைந்து போகும் சந்துகள். துனிஸ், டுப்ரோவ்னிக், ரோட்ஸ் மூன்றும் அப்படிப்பட்டவை. மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் இவற்றோடு ஒப்பிட்டுப் பேச ஓர் ஊர் உண்டென்றால் அது காயல்பட்டினம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்களுக்கு இந்த ஊர் பேருந்து நிறுத்தமும் கடைவரிசையும்தான். பழைய ஊர் அதற்குப் பின்னால் இருக்கிறது: நெய்னார் தெரு, சதுக்கைத் தெரு, குத்துக்கல் தெரு, பரிமார் தெரு, கொச்சியார் தெரு. 1986 வரை இது திருநெல்வேலி மாவட்டத்து ஊர். 2011 கணக்கெடுப்பின்படி 40,000 பேருக்கு மேல் வாழும் நகராட்சி.

இந்த ஊரைப் பாரம்பரிய நகரமாகக் காக்க வேண்டும் என்று சொல்பவர்கள் பொதுவாக நான்கு காரணங்களைக் காட்டுவார்கள். ஒன்று, பழமை. இரண்டு, கல் பள்ளிவாசல்கள். மூன்று, தெருவமைப்பு. நான்கு, ஊர்க் கட்டுப்பாடு. நான்கையும் ஒரே மூச்சில் அடுக்குவது வழக்கமாகிவிட்டது. நான்கும் ஒரே எடை உடையவை அல்ல. ஒவ்வொன்றையும் தனியே நிறுத்துப் பார்க்காவிட்டால் எதைக் காப்பது, எதை விடுவது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

நான்கையும் நிறுப்பதற்கு முன் மதில். காயல்பட்டினத்துக்குக் கோட்டைச் சுவர் கிடையாது. மதில் இல்லாத ஊரை மதில் சூழ்ந்த நகரங்களோடு ஒப்பிடலாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இதே ஆற்றங்கரையில் மதிலோடு இருந்த இரண்டு இடங்கள் என்ன ஆயின என்று பார்த்தால் மதிலின் மதிப்பு தானே தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டைக்குப் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. கிருஷ்ணாபுரம் கோயிலின் வெளிச்சுற்றைப் பெயர்த்த கல்லில் அந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அங்கே சிறை வைக்கப்பட்டிருந்த ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2 அன்று தப்பிப் போய்ப் பாஞ்சாலங்குறிச்சியை மறுபடி எழுப்பினார். படையின் தேவை தீர்ந்ததும் மதிலைக் காக்க ஆளில்லை. எஞ்சிய கோட்டைத் துண்டை மேடைக் காவல் நிலையம் என்பார்கள். குளோரிந்தா என்ற கிறிஸ்தவப் பெண் கட்டிய, 1785இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் நிற்கிறது. கோபாலசாமி கோயில் நிற்கிறது. ஆனால் எந்த இடத்தில் கோட்டைக்குள் நுழைந்தோம், எந்த இடத்தில் வெளியே வந்தோம் என்று நடப்பவருக்குப் புலப்படாது. மதில் போனதோடு ‘உள்’ என்பதும் போய்விட்டது.

ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தது மண் கோட்டை. கோட்டைப் பிள்ளைமார் என்ற சிறிய சமூகம் அதற்குள் வாழ்ந்தது. அந்தச் சமூகத்துப் பெண்கள் கோட்டைச் சுவரைத் தாண்டியதில்லை; வெளி ஆண்கள் உள்ளே வந்ததில்லை. பிஷப் கால்டுவெல் காலத்திலேயே வெளியாருக்கு வியப்பூட்டிய ஏற்பாடு இது. கமலா கணேஷ் நீண்ட நாள் ஆய்வு செய்து 1993இல் ‘பவுண்டரி வால்ஸ்’ என்ற நூலாக எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடும்பங்கள் வெளியேறின. பிறகு சுவரைப் பராமரிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. பாதி மனிதர்களை அடைத்துவைக்க எழுப்பிய சுவர் விழுவதைப் பாரம்பரிய இழப்பு என்று எழுதுவது கல்லுக்கு இரங்கி ஆளை மறப்பதாகும்.

துனிஸின் வெளிமதிலும் பெரும்பாலும் போய்விட்டது. கடல்வாசல் எனப்படும் பாப் எல் பஹர் இன்று ஒரு சதுக்கத்தின் நடுவே தனி வளைவாக நிற்கிறது. ஆனாலும் அதைத் தாண்டி நாலு அடி வைத்ததும் மதீனாவுக்குள் வந்துவிட்டோம் என்று தெரிகிறது. சந்துகளின் பின்னல் அங்கே அறுபடாமல் இருப்பதே காரணம். பழைய நகரத்தை நகரமாக வைத்திருப்பது பின்னல்தான். மதில் அதற்கு மேல்சட்டை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் காயல்பட்டினத்தை ஒப்பிடுவதில் தடையில்லை.

இனிப் பழமை. ஊரில் யாரைக் கேட்டாலும் ஆயிரம் ஆண்டுக்குக் குறையாமல் சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்திறங்கிய ‘காயில்’ துறைமுகம் இதுதான் என்பது அந்தப் பெருமையின் உச்சம். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிவந்த கப்பல்கள் நின்ற இடம் என்று அவர் எழுதிய ஊர் அது. ஆனால் கால்டுவெல் 1877இல் கொற்கையையும் காயலையும் ஆராய்ந்து எழுதியபோது அந்தத் துறைமுகத்தைப் பழையகாயலில் வைத்தார். அங்கே சீன, அரபு நாட்டுப் பானையோடுகள் பரந்து கிடந்ததைக் காட்டினார். 1881இல் வந்த திருநெல்வேலி வரலாற்று நூலிலும் அதையே உறுதி செய்தார். அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் மேற்பரப்புச் சான்றுகள்தான்; முடிந்த முடிவென்று கொள்ள வேண்டாம். ஆனாலும் ஆற்றின் போக்கு அவர் பக்கமே பேசுகிறது.

தாமிரபரணி சும்மா கடலில் கலக்கவில்லை. மண்ணைக் கொண்டுவந்து கடலைத் தள்ளிக்கொண்டே போனது. பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையுமாகக் கிடக்கிறது. கொற்கை தூர்ந்ததும் வணிகம் பழையகாயலுக்கு இறங்கியது. அதுவும் தூர்ந்தபின் ஆற்றுமுகத்துப் புன்னைக்காயலும் தெற்கே காயல்பட்டினமும் மேலெழுந்தன. ஒரே வணிகம் மண்ணுக்குப் பயந்து வீடு மாறிய கதை இது. ஆகவே மார்க்கோ போலோவின் சான்றிதழ் காயல்பட்டினத்துக்கு நேரடியாக உரியதன்று. வாரிசு என்ற முறையில் உரிமை கொண்டாடலாம், அவ்வளவே. இதில் ஊருக்கு நட்டம் ஒன்றுமில்லை. வேணாட்டரசு இந்தக் கரையில் அதிகாரம் செலுத்திய நாளில் இங்கே ஒரு பள்ளிவாசலுக்கு உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று அரசன் பெயரிட்டுக் கொடை வழங்கிய செய்தி கல்வெட்டில் இருக்கிறது. ஓர் இந்து அரசன் பெயரில் பள்ளிவாசல் என்பது, வெனிசு வணிகன் வந்தானா இல்லையா என்பதைவிட இந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்கிறது. பழமை என்ற வாதம் பாதி நிற்கிறது. மிகைப்படுத்திய பாதியை ஊரே கைவிடுவது நல்லது.

இரண்டாவது வாதம் பள்ளிவாசல்கள். இதில் மிகை இல்லை. மெஹர்தாத் ஷுகூஹி தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றி 2003இல் வெளியிட்ட நூலில் காயல்பட்டினத்துப் பள்ளிகளை அளந்து வரைபடத்தோடு பதிவு செய்திருக்கிறார். பெரிய குத்பா பள்ளி, சிறு பள்ளி, கற்புடையார் பள்ளி, இரட்டைக்குளத்துப் பள்ளி, மரைக்கார் பள்ளி என்று வரிசை நீள்கிறது. டெல்லியையோ பீஜப்பூரையோ மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர் குவிமாடத்தைத் தேடி ஏமாறுவார். இவை தட்டைக் கல்கூரை வேய்ந்த தூண் மண்டபங்கள். சதுரமாய்த் தொடங்கி எண்பட்டையாகி மறுபடி சதுரமாகும் தூண், அதன் தலையில் போதிகை, மேலே உத்திரம், வெளியே இறங்கும் கபோதகம்: எல்லாம் நெல்லைக் கோயில்களைச் செய்த தச்சர்களின் கைவழக்கு. தூணின் சதுரப் பட்டையில் கோயிலாக இருந்தால் யாளியோ அடியாரோ இருக்கும் இடத்தில் இங்கே கொடியும் பூவும் பின்னலும் இருக்கும். உருவம் ஒன்றைத்தான் விலக்கினார்கள், தொழிலை விலக்கவில்லை. அரபுக் கடலோடிகள் ஊரோடு கலந்த விதத்துக்கு இதைவிடத் தெளிவான ஆவணம் தமிழகத்தில் கீழக்கரையைத் தவிர வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இந்தக் கல் மண்டபங்களுக்குப் பகை பக்தியின் வடிவிலேயே வருவதுண்டு. ஜமாத்துக்குப் பணம் சேர்ந்தால் தரைக்குக் கிரானைட், சுவருக்கு டைல்ஸ், தூணுக்கு எனாமல் பெயிண்ட் என்று போடத் தோன்றும். தொழுகைக்கு வருகிறவர் வசதி கேட்பது தவறில்லை. ஆனால் எனாமல் ஏறிய தூணில் கொடிப்பின்னலின் ஆழம் மங்கிவிடும். மழைக்காலத்தில் கல்லுக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். கோயில்களில் மணல்வீச்சுக் கருவியால் சிற்பங்களைத் தேய்த்ததற்கு எழுந்த கண்டனம் இங்கும் பொருந்தும். கட்டடக்கலை வாதம் முழுமையாக நிற்கிறது. சட்டப் பாதுகாப்புக் கேட்பதென்றால் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சில கட்டடங்களுக்குத்தான்.

மூன்றாவது வாதமே இந்த ஊரின் உயிர்நிலை. காயல்பட்டினத்துப் பழைய வீடு நீளவாக்கில் கிடக்கும். முன்பக்கம் தெரு, அது ஆண்களின் வழி, வணிகத்தின் வழி. பின்பக்கம் அடுக்களையைத் தாண்டினால் ஒரு சிறு கதவு. கதவைத் திறந்தால் முடுக்கு. இரண்டு கைகளையும் விரித்தால் இருபுறச் சுவரையும் தொட்டுவிடலாம் என்ற அளவுக்கு ஒடுங்கிய சந்து. ஒரு வீட்டின் முதுகையும் அடுத்த தெரு வீட்டின் முதுகையும் இணைத்துக்கொண்டு அது போகும். அதில் நடப்பவர்கள் பெண்கள். ஆண்கள் அதற்குள் நுழைவதில்லை என்பது எழுதாத சட்டம். கல்யாண வீட்டுக்கு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு, மவுத்து வீட்டுக்கு, பெண்கள் தொழும் தைக்காவுக்கு என்று தெருவில் கால் வைக்காமலே ஊரின் பெரும்பகுதியைக் கடந்துவிட முடியும்.

முடுக்கைத் தனியாகப் பார்த்தால் அது பாதிதான் புரியும். அதன் மறுபாதி சொத்தில் இருக்கிறது. இந்த ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போகிறார். பெற்றோர் மகளுக்கு வீடு கொடுக்கிறார்கள். மகன் உம்மா வீட்டில் பிறந்து மனைவி வீட்டில் வாழ்கிறான். ஆகவே முடுக்கின் இருபக்கமும் குடியிருப்பவர்கள் அக்காவும் தங்கையும், பெரியம்மாவும் சின்னம்மாவும் அவர்களின் பெண்மக்களும். கொழும்புக்கும் கொல்கத்தாவுக்கும் ஹாங்காங்குக்கும் வளைகுடாவுக்கும் ஆண்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போய்விடும் வணிக ஊரில் இந்த ஏற்பாட்டுக்குத் தெளிவான பயன் இருந்தது. ஊரை ஊராக நடத்தியவர்கள் பின்சந்தில் நடந்தவர்கள். மத்தியதரைக் கடலோர மதீனாக்களிலும் முட்டுச்சந்தும் முற்றமும் பெண்களின் மறைவுக்காகவே அமைந்தன. ஆனால் அங்கே மறைவு ஒவ்வொரு வீட்டு முற்றத்தோடு முடிந்துவிடுவதே பெருவழக்கு. இங்கே அது வீட்டைத் தாண்டி வீட்டுக்கு வழியாக நீள்கிறது. உலகத்துப் பழைய நகரங்களின் வரிசையில் காயல்பட்டினத்துக்கு இடம் கேட்கலாம் என்றால் இந்த ஒன்றைக் காட்டிக் கேட்கலாம்.

இதைப் புகழ்ந்து முடித்துவிட்டால் திறனாய்வு ஆகாது. முடுக்கு பெண்களுக்கு வழி கொடுத்தது. அதே மூச்சில், தெரு உங்களுடையது அல்ல என்றும் சொன்னது. ஸ்ரீவைகுண்டத்து மண்சுவரும் இந்தச் சந்தும் ஒரே அச்சத்தில் பிறந்தவை. வேறுபாடு எங்கே என்றால், சுவர் அடைத்தது, சந்து இணைத்தது. அடைத்தது ஆள் போனதும் விழுந்தது. இணைத்தது இன்னும் பயன்படுகிறது. இன்று இந்த ஊரிலேயே வாவு வஜீஹா வனிதையர் கல்லூரி இருக்கிறது. பெண்பிள்ளைகள் முன்வாசல் வழியாகவே பேருந்துக்குப் போகிறார்கள். முடுக்கு கட்டாயமாக இருந்த நிலை மாறி வசதியாக, விருப்பமாக ஆகிவருகிறது. கட்டாயத்தில் பிறந்த ஒன்று விருப்பத்திலும் பிழைக்கும் என்றால் அது காக்கத் தகுந்தது.

சொத்து வழக்கத்துக்கும் மறுபக்கம் உண்டு. நான்கு பெண்பிள்ளைகள் பிறந்த வீட்டில் நான்கு வீடு வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது முதுகை முறிக்கும் சுமை. ஊருக்குள்ளேயே இதை விமர்சிப்பவர்கள் உண்டு. மனை கிடைக்காதபோது நீண்ட பழைய வீட்டைக் குறுக்கே வகிர்ந்து இரண்டாக்குவார்கள், அல்லது இடித்துவிட்டு மாடி மேல் மாடி எழுப்புவார்கள். அதாவது, இந்த ஊரைக் காலியாகாமல் வைத்திருக்கும் வழக்கமே பழைய வீடுகளை இடிக்கவும் வைக்கிறது. காப்புப் பேச்சில் அதிகம் தவறவிடப்படும் முரண் இதுதான். வீட்டைத் தொடாதே என்று சட்டம் போட்டால் மகளுக்கு வீடு கொடுக்க முடியாது. கொடுக்க முடியாவிட்டால் குடும்பம் ஊருக்கு வெளியே போகும். குடும்பம் போனால் முடுக்கில் நடக்க ஆளிருக்காது.

ஆள் போன பழைய நகரம் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இலங்கையின் காலிக் கோட்டை 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. டச்சுக்காரர் எழுப்பிய மதில் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த, தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் பல வீட்டை விற்றுவிட்டன; அந்த வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் நகைக்கடைகளாகவும் மாறின. டுப்ரோவ்னிக்கில் மதிலுக்குள் வசிப்பவர்கள் குறைந்துகொண்டே போக, சொகுசுக் கப்பல்களின் வரவை நாளுக்கு இத்தனை என்று கட்டுப்படுத்தும் நிலைக்கு நகரம் வந்தது. இரண்டிலும் கல் பிழைத்தது. மதிலைக் காப்பது வெற்றி என்றால் அவை வெற்றிகள். பின்னலைக் காப்பது வெற்றி என்றால் அவற்றை எச்சரிக்கையாகத்தான் கொள்ள முடியும்.

எதிர் உதாரணம் துனிஸில் கிடைக்கிறது. அங்கே மதீனாவைக் காக்க 1967இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. பாழடைந்து கிடந்த ஹஃப்சியா என்ற பகுதியை அவர்கள் அருங்காட்சியகம் ஆக்கவில்லை. பழைய தெருவமைப்பை வைத்துக்கொண்டு, முற்றம் வைத்த புது வீடுகளைக் கட்டிக் குடியமர்த்தினார்கள். கட்டடங்கள் புதியவை, பின்னல் பழையது. ஆகா கான் கட்டடக்கலை விருது இந்த வேலைக்கு 1983இலும் 1995இலுமாக இருமுறை கிடைத்தது. வீடு மாறினாலும் ஊர் மாறாமல் இருக்க முடியும் என்பதற்குச் சான்று இது.

நான்காவது வாதம் ஊர்க்கட்டுப்பாடு. இங்கே காவல் நிலையம் இல்லை, சினிமா கொட்டகை இல்லை, சாராயக்கடை இல்லை என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைக்கு உரியதாகவே இருக்கட்டும். ஆனால் அதைப் பாரம்பரியக் காப்புக்கான வாதமாகக் கொண்டுவருவதில் சிக்கல் இருக்கிறது. கட்டுப்பாடு என்பது யார் யாருக்கு விதிப்பது என்ற கேள்வியோடு வருவது. சிங்கித்துறையிலும் கொம்புத்துறையிலும் கடலுக்குப் போகும் கிறிஸ்தவ மீனவர்களும் ஊரின் விளிம்பில் வாழும் மற்றவர்களும் இதே நகராட்சியின் குடிகள்தான். பாரம்பரியம் என்ற பெயரில் வரும் பணமும் கவனமும் நடுவில் உள்ள தெருக்களோடு நின்றுவிட்டால் அது இன்னொரு மதிலாகும். இந்த வாதத்தை எடையில் சேர்க்காமல் விடுவதே முறை.

ஆக, என் தீர்ப்பு இது. காயல்பட்டினத்தை ‘பாரம்பரிய நகரம்’ என்று மொத்தமாக அறிவித்து வீடுகளை உறையவைப்பது தவறு. பழைய கல் பள்ளிவாசல்களை மட்டும் ஜமாத்தின் ஒப்புதலோடு சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும். டைல்ஸுக்கும் பெயிண்டுக்கும் மாற்றாகக் கல்வேலை தெரிந்த தச்சரை அரசே அனுப்ப வேண்டும். வீடுகளை மாற்றிக் கட்ட உரிமை வேண்டும். அதற்கு ஈடாக முடுக்குகளைத் தொடக் கூடாது.

முடுக்கைக் காப்பது கேட்பதற்கு எளிது, நடப்பில் கடினம். நம் கட்டட விதிகள் மனையை அது பார்த்திருக்கும் சாலையின் அகலத்தைக் கொண்டு அளக்கின்றன. மூன்றடி நாலடிச் சந்துக்கு அந்தக் கணக்கில் மதிப்பே இல்லை. யாரோ ஒருவர் பின்சுவரை இரண்டடி இழுத்துக் கட்டினால் போதும். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்து, அந்தப் பக்கம் உள்ள இருபது வீட்டுக்கும் வழி செத்துவிடும். பள்ளிவாசலை இடித்தால் ஊரே திரளும். முடுக்கு அடைபட்டால் இரண்டு குடும்பத்து மனத்தாங்கலாக முடிந்துவிடும். அதனால்தான் அதற்குக் காவல் அதிகம் தேவை. நகராட்சி ஒவ்வொரு முடுக்கையும் அளந்து, நகர நிலவரைபடத்தில் பொதுவழி என்று பதிய வேண்டும். புது வீட்டுக்கு வரைபட ஒப்புதல் தரும்போது பின்கதவும் முடுக்கின் அகலமும் மேல்மாடி ஜன்னல் பார்க்கும் திசையும் நிபந்தனையாக வேண்டும். மாநிலச் சட்டமன்றம் 2012இல் நிறைவேற்றிய பாரம்பரிய ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்காகக் காத்திராமல் நகராட்சித் தீர்மானத்திலேயே இதைத் தொடங்கலாம்.

எந்த முடுக்கு வேண்டும், எது போதும், எங்கே விளக்கு, எங்கே வடிகால் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் பெரும்பான்மையாக அதில் நடப்பவர்கள் உட்கார வேண்டும். வீடு அவர்கள் பேரில் இருக்கிறது. வழியின் மீதும் அவர்கள் கையெழுத்துதான் செல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், எவ்வளவு அருமையான சந்தாக இருந்தாலும், அதை அடைக்க விடுவதே நேர்மை.